அமைச்சர் உம் என்றார்

கிட்ட வந்து உட்காருங்கள், என் கண்ணுகளா. கதவோரம் நிற்கிறவர்களும் உள்ளே வாருங்கள். இடம் போதாவிட்டால் ஒருவர் தோளில் ஒருவர் சாய்ந்துகொள்ளுங்கள், தேய்ந்தா போய்விடுவீர்கள்? இன்றைக்கு ஒரு கதை வைத்திருக்கிறேன். ராஜா ராணி கதை இல்லை, அலுவலகக் கதை. அதற்குள் முகத்தைச் சுளிக்காதீர்கள். இதில் பீரங்கி இருக்கிறது, ரத்தம் இருக்கிறது, பயந்த பிள்ளைகள் அம்மா மடியில் முகம் புதைத்துக்கொள்ளலாம். வழக்கம்போல நீங்கள் உம் கொட்ட வேண்டும். உம் இல்லாமல் எனக்குக் கதை நகராது. ஆனால் எந்த மாதிரி உம் கொட்டுகிறீர்கள் என்று இன்று கொஞ்சம் பார்த்துக் கொட்டுங்கள். கதையே அதைப் பற்றியதுதான்.

ஒரு நாட்டில் பாதுகாப்பு அமைச்சகம் என்று ஒரு பெரிய கட்டடம். வெளியே இருந்து பார்த்தால் உள்ளே முழுக்க வெடிகுண்டுதான் இருக்கும் என்று தோன்றும். உள்ளே போனால் மின்விசிறியும் இரும்பு அலமாரியும் தேநீர்க் கறை படிந்த மேசைகளும்தான். ஒரு மாடியில் சிப்பாய்க்குப் பூட்ஸும் போர்வையும் வாங்குகிறவர்கள். அதற்கு மேலே, கப்பல் வாங்குவதா விமானம் வாங்குவதா என்று மல்லுக்கட்டுகிறவர்கள். இன்னொரு மாடியில், செத்துப்போன சிப்பாயின் பெண்டாட்டிக்கு மாதாமாதம் ஓய்வூதியம் போய்ச் சேர்ந்ததா என்று பார்க்கிறவர்கள். தரைப்படை, கடற்படை, விமானப்படை மூன்றுக்கும் மூன்று தளபதிகள். மூவருக்கும் ஒருவரை ஒருவர் கண்டால் ஆகாது. அவர்களை ஒரே மேசையில் உட்கார வைத்து, அடிதடி இல்லாமல் எழுப்பி அனுப்புவதற்கென்றே செயலாளர் என்று ஒரு மனிதர். ஒல்லியானவர். வாழ்நாளில் கோப்பைத் தவிர வேறெதையும் தூக்காதவர்.

எல்லாருக்கும் உச்சியில் அமைச்சர். அவர் மக்கள் ஓட்டுப் போட்டு அனுப்பிய ஆள். துப்பாக்கியைத் தொட்டுக்கூடப் பார்த்ததில்லை. பிறகு எதற்கு அவரை உச்சியில் வைத்தார்கள் என்று கேட்பீர்கள். அதற்காகவேதான் வைத்தார்கள், கண்ணுகளா. துப்பாக்கி வைத்திருப்பவன் தன் இஷ்டத்துக்குச் சுட்டால் அதற்குப் பெயர் படையா, கொள்ளைக்கூட்டமா? அதனால் சுடுகிற கை ஒருவரிடம், சுடச் சொல்லும் வாய் வேறொருவரிடம் என்று பிரித்து வைத்தார்கள். முக்கியமாக ஒரு விதி: சொந்த ஊர் மக்கள் இருக்கும் இடத்தின் மேல் பீரங்கியைத் திருப்ப வேண்டுமென்றால், அமைச்சர் வாய்திறந்து சொல்ல வேண்டும்.

அந்தச் சொல்லைக் களத்துக்குக் கொண்டுபோகிறவள் ஒரு பெண். கட்டடத்தின் அடித்தளத்தில் ஆணை அறை. அங்கே அவளுக்கு ஒரு மேசை, ஒரு தொலைபேசி, ஒரு ஒலிவாங்கி. தளபதி கேட்பார், அமைச்சர் சொல்வார், அவள் இணைப்பில் இருந்து இரண்டையும் கேட்பாள். பிறகு ஒலிவாங்கியின் பொத்தானை அழுத்தி, "அமைச்சர் சொல்" என்று தொடங்கி, அந்தச் சொல்லை அப்படியே களத்துக்குச் சொல்வாள். எல்லையில் கிடக்கும் சிப்பாய்கள் அவள் முகத்தைப் பார்த்ததே இல்லை, குரல்தான் தெரியும். 'குரலக்கா' என்று பெயர் வைத்துவிட்டார்கள்.

குரலக்காவுக்கு உலகத்தில் ஒரே ஒரு சொந்தம், அவள் தம்பி. தொலைவில் ஒரு நகரத்தில் காகித ஆலையில் வேலை. கொதிகலன் பார்ப்பவன். வாரம் ஒருமுறை தொலைபேசியில் அழைத்து, "என்னக்கா, இந்த வாரம் யாரைப் போட்டுத்தள்ளினீங்க?" என்று கிண்டல் செய்வான். "உன்னைத்தான்டா லிஸ்ட்ல முதல்ல வச்சிருக்கேன்" என்று இவள் சொல்வாள். இருவரும் சிரிப்பார்கள். அந்தச் சிரிப்பை நினைத்து அவள் பிறகு எத்தனையோ தரம் தன் வாயிலேயே அடித்துக்கொண்டாள்.

புதிதாக ஒரு அமைச்சர் வந்தார். அரசியலுக்கு வருமுன் கால்நடை மருத்துவர். அமைச்சகத்தில் அவருக்கு முதுகுக்குப் பின்னால் 'மாட்டு டாக்டர்' என்றுதான் பெயர். நல்ல மனிதர். மாடு எங்கே வலிக்கிறதென்று சொல்லாது, மாட்டுக்காரன்தான் வளவளவென்று சொல்வான்; அவன் சொல்லி முடிக்கும்வரை "உம்... உம்..." என்று கேட்டுக்கொண்டே இருப்பது அவருக்குப் பழகிப்போயிற்று. அமைச்சரான பிறகும் அதே வழக்கம்தான். தலைபோகிற சேதி சொன்னாலும் உம். தேநீர் ஆறுகிறது என்றாலும் உம். எல்லாவற்றையும் கேட்டு முடித்து, தொண்டையைச் செருமிவிட்டுத்தான் முடிவைச் சொல்வார்.

தரைப்படைத் தளபதி நேர் எதிர். அவருக்கு 'இடி' என்று பெயர். அவருடைய பேச்சில் காற்புள்ளி கிடையாது.

ஒருநாள் காலையில் தம்பி இருந்த நகரத்தில் ஒரு படைப்பிரிவு கலகம் செய்தது. கையில் சிவப்புத் துணி கட்டிக்கொண்டு, தங்கள் அதிகாரியையே முற்றத்தில் நிற்கவைத்துச் சுட்டுவிட்டு, காகித ஆலையைப் பிடித்துக்கொண்டார்கள். காலை வேலைக்குப் போன தொழிலாளிகள் அத்தனை பேரும் உள்ளே மாட்டிக்கொண்டார்கள். குரலக்காவின் தம்பியும் உள்ளே.

அவர்களை மடக்கப் போன படை, ஆலைக்கு முன்னால் இருக்கும் அகலமான சாலையில் சிக்கிக்கொண்டது. கூரையிலிருந்து கலகக்காரர்கள் குறிபார்த்துச் சுட்டார்கள். விழுந்தவனை இழுக்கப் போனவன் அவன் மேலேயே விழுந்தான். அவனை இழுக்கப் போனவனும் விழுந்தான். பேருந்து நிறுத்தத்துக் கூரையின் கீழ் ஒரு சிப்பாய் தன் குடலைத் தானே கையில் பிடித்துக்கொண்டு தண்ணீர் கேட்டான். தண்ணீர் கொண்டுபோனவனுக்குத் தலையில் குண்டு.

அடித்தளத்து அறையில் இதெல்லாம் ஒலிபெருக்கியில் கேட்டுக்கொண்டிருந்தது. இடிக்கு முகம் கறுத்துவிட்டது. செத்துக்கொண்டிருந்தவர்கள் அவர் வளர்த்த பிள்ளைகள். அதையும் நாம் சொல்லத்தான் வேண்டும். அவரை அரக்கன் என்று நினைத்துவிடாதீர்கள்.

அமைச்சர் அப்போது காரில் அந்த நகரத்தை நோக்கிப் போய்க்கொண்டிருந்தார். கலகக்காரர்களோடு நேரில் பேசிப் பார்ப்பது என்று முடிவு. இடி தொலைபேசியை எடுத்தார். குரலக்கா விதிப்படி இணைப்பில் காதை வைத்தாள்.

"ஐயா, கூரைமேல இருந்து எங்க ஆளுங்களை ஒவ்வொருத்தனா சாய்ச்சுக்கிட்டு இருக்கானுங்க."

"உம்."

"வடக்குப் பக்கம் பீரங்கி வந்து நிக்குது. சுவரை உடைச்சா உள்ள போயிடலாம்."

"உம்."

"உள்ள ஆளுங்க இருக்காங்கதான். ஆனா இப்படியே விட்டா வெளிய ஒருத்தன் மிஞ்ச மாட்டான். ஆரம்பிச்சிடலாமா ஐயா?"

"உம்..." என்றார் அமைச்சர். தொண்டையைச் செருமினார். அத்துடன் இணைப்பு அறுந்தது. கார் மலைப்பாதையில் ஏதோ ஒரு வளைவுக்குள் போயிருக்க வேண்டும்.

இடி கருவியை வைத்தார். "கேட்டியாம்மா? ஆணையை அனுப்பு."

குரலக்காவின் கை பொத்தானுக்குப் போகவில்லை. "ஐயா, அது கேக்குற உம். உத்தரவு குடுக்குற உம் இல்ல."

"உம்ல என்னம்மா ரகம் ரகமா? சந்தையில கத்திரிக்காயா வாங்குறோம்?"

"அவர் செருமினார் ஐயா. செருமின பிறகுதான் முடிவு சொல்வார். இன்னும் சொல்லல."

இடி அவளை உற்றுப் பார்த்தார். குரலைத் தாழ்த்தினார், அவர் குரலைத் தாழ்த்தி அந்த அறை கேட்டதில்லை. "உன் தம்பி உள்ள இருக்கான். எனக்குத் தெரியும். அவன் இல்லைன்னா இந்த உம் உனக்கு எப்படிக் கேட்டிருக்கும்? நெஞ்சைத் தொட்டுச் சொல்லு."

அவள் நெஞ்சைத் தொட்டுப் பார்த்தாள். அங்கே தம்பிதான் இருந்தான்.

இடி ஒலிவாங்கியைத் தன் பக்கம் இழுத்துப் பீரங்கி அணியைக் கூப்பிட்டார். அந்த அணித் தலைவன் விதி தெரிந்தவன். "ஐயா, மன்னிக்கணும். அமைச்சர் சொல் வேணும். குரலக்கா சொல்லட்டும்" என்றான்.

"சொல்லுவா. அமைச்சர் உம்னு சொன்னாரா இல்லையான்னு அவளையே கேளு" என்று பொத்தானை அழுத்தியபடியே ஒலிவாங்கியை அவள் வாய்க்கு நேரே நீட்டினார்.

அவளுக்குப் பொய் சொல்லி வழக்கமில்லை. வருஷக்கணக்காகக் கேட்டதைக் கேட்டபடி சொல்லியே பழகிய வாய் அது.

"அமைச்சர் உம்னு சொன்னார், ஆனா..."

'ஆனா'வுக்கு முன்பே இடியின் விரல் பொத்தானை விட்டுவிட்டது. அந்த ஒரு சொல் அறைக்குள்ளேயே சுற்றிக்கொண்டு நின்றது. களத்துக்குப் போனது இவ்வளவுதான்: அமைச்சர் உம்னு சொன்னார். அதுவும் குரலக்காவின் குரலில்.

பீரங்கி முழங்கியது.

கண்ணுகளா, பெரிய பீரங்கிக் குண்டு சுவரை உடைப்பதோடு நிற்குமா? முதல் குண்டு கொதிகலன் அறையைத் திறந்து போட்டது. கொதிநீராவி சீறிக்கொண்டு வெளியே வந்து, மூலையில் ஒண்டி நின்றவர்களின் தோலை உரித்தது. அடுத்தது காகித உருளைகள் அடுக்கிய இடத்தில் விழுந்தது. ஆளுயர உருளைகள் தீப்பிடித்தபடி உருண்டு வந்து, ஓடியவர்களை நசுக்கின. கூரை இரும்புகள் கத்திகளாக இறங்கின. கலகக்காரன், தொழிலாளி என்று அந்த இரும்பு பிரித்துப் பார்க்கவில்லை. காகிதக் கூழ் நிறைந்த தொட்டிக்குள் சிலர் குதித்தார்கள், தீயிலிருந்து தப்பலாம் என்று. தொட்டிக்குள்ளேயே ஒரு குண்டு விழுந்தது. வெள்ளைக் கூழ் சிவந்து வாசல் வழியாகத் தெருவுக்கு வழிந்தது.

அடித்தளத்தில் குரலக்கா தொலைபேசியில் அமைச்சரைத் திரும்பத் திரும்ப அழைத்தாள். கடைசியில் ஒரு வளைவு தாண்டிக் குரல் வந்தது.

"என்னம்மா, மலைக்கு அந்தப்பக்கம் ஏதோ இடிக்குது, மழையா?"

"மழை இல்ல ஐயா. பீரங்கி."

"யாரு சொன்னது?"

"நீங்க உம்னு சொன்னீங்க ஐயா."

அந்தப் பக்கம் மூச்சு நின்று வந்தது. "ஐயோ, நான் கேட்டுக்கிட்டுல்லம்மா இருந்தேன்! வேண்டாம்னு சொல்ல வாயெடுத்தேன், அதுக்குள்ள... நிறுத்து! நிறுத்தச் சொல்லு!"

கருவியைத் தாண்டி வந்த அந்தக் கூச்சல் இடிக்கும் கேட்டது, ஆனால் அவர் ஒலிவாங்கியை விடவில்லை. "இப்ப நிறுத்தினா ஓடினவன் எல்லாம் திரும்பிக் கூரைக்கு ஏறிடுவான். செத்த என் பசங்களுக்கு நான் என்ன பதில் சொல்றது? இன்னும் கொஞ்ச நேரம், முடிச்சிடலாம்."

அவள் பாய்ந்தாள். அவர் முழங்கையால் அவள் வாயில் இடித்தார். பல் உதட்டைக் கிழித்தது. அவள் தொலைபேசிக் கருவியால் அவர் கன்னத்தில் அடித்தாள். அது உடைந்து கம்பியில் தொங்கியது. அவர் அவள் கூந்தலைப் பிடித்து மேசையின் விளிம்பில் மோதினார். சத்தம் கேட்டுச் செயலாளர் படியிறங்கி ஓடி வந்தார். கோப்பு தூக்கும் கைகளால் இடியின் இடுப்பைப் பின்னாலிருந்து கட்டிக்கொண்டார். "விடுய்யா குச்சி!" என்று இடி உதறிய உதறலில் அவர் தலை சுவரில் பட்டு ரத்தம் கொட்டியது, ஆனாலும் அட்டையாக ஒட்டிக்கொண்டு தொங்கினார். அந்த இடைவெளியில் குரலக்கா பொத்தானை அழுத்தினாள். வாய் நிறைய ரத்தம். முதல் தடவை சொன்னபோது சொல் வரவில்லை, கொப்பளிப்புதான் வந்தது. துப்பிவிட்டுச் சொன்னாள்:

"அமைச்சர் சொல். நிறுத்து. அமைச்சர் சொல். நிறுத்து."

பீரங்கி நின்றது. அதற்குள் வடக்குச் சுவர் இல்லை, கூரை இல்லை.

அன்று மதியமே அவளை ஹெலிகாப்டரில் அந்த நகரத்துக்கு அனுப்பிவைத்தார்கள். அவள் இறங்கும்போது மிஞ்சிய கலகக்காரர்கள் கை தூக்கி வெளியே வந்துவிட்டிருந்தார்கள். அமைச்சரும் வந்து சேர்ந்திருந்தார். சட்டை முழுக்கச் சாம்பல். அவர் எதிர்ப்பட்டபோது அவள் நிற்கவில்லை. கிழிந்த உதட்டோடு கொதிகலன் பக்கம் ஓடினாள். சிப்பாய்கள் கடப்பாரையும் கையுமாக இடிபாட்டைக் கிளறிக்கொண்டிருந்தார்கள். அவள் குப்புறப் படுத்து, கான்கிரீட் பலகைகளுக்கு நடுவே இருந்த பொந்தில் வாயை வைத்துக் கூப்பிட்டாள்.

"தம்பி! டேய் தம்பி!"

பதில் இல்லை. இன்னொரு பொந்து. இன்னொன்று. நான்காவதோ ஐந்தாவதோ, கீழே எங்கேயோ ஆழத்திலிருந்து வந்தது:

"உம்."

"தம்பி, நீதானேடா?"

"உம்."

அவள் போட்ட கூச்சலில் எல்லாரும் அங்கே ஓடி வந்தார்கள். தோண்டத் தொடங்கினார்கள். கல் நகர்த்த நேரம் ஆகும், அதற்குள் அவன் கண்ணை மூடிவிடக்கூடாது. சின்ன வயதில் அவன் கதை கேட்காமல் தூங்க மாட்டான்; அவனுக்கு இவள்தான் கதை சொல்வாள். அதே கதையைப் பொந்துக்குள் சொல்லத் தொடங்கினாள். கிணற்றில் விழுந்த நிலாவைத் தூக்கக் கயிறு போட்ட முட்டாளின் கதை. "அவன் கயிற்றை விட்டானாம்." "உம்." "நிலா ஏறி உட்கார்ந்துகிச்சாம்." "உம்." ஒவ்வொரு உம்முக்கும் அவள் உயிர் போய்ப் போய் வந்தது. உம் மெலியும்போதெல்லாம், "டேய், தூங்கினே, கொன்னுடுவேன்" என்று திட்டினாள். உம் திரும்ப வந்தது. கையால் கல்லைப் பறித்ததில் அவள் நகங்கள் பிய்ந்திருந்தன, அதை அவள் பார்க்கவே இல்லை.

கடைசிப் பலகையை நான்கு பேர் நெம்பினார்கள். உள்ளே புழுதி மூடிய ஒரு முகம். நரைக்கத் தொடங்கிய மீசை.

தம்பிக்கு மீசையே கிடையாது.

கையில் சிவப்புத் துணி. கலகக்காரன். கால்கள் கூழாகியிருந்தன. அவன் அவளையே பார்த்தான். தொண்டையில் புழுதி அடைத்த குரலில் சொன்னான்: "மன்னிச்சுக்கம்மா. நீங்க தம்பின்னு கூப்பிட்டீங்க. இல்லைன்னு சொன்னா தோண்டுறத விட்டுடுவீங்களோன்னு பயமா இருந்துச்சு."

"என் தம்பி எங்க?"

அவன் மோவாயால் பக்கத்தைக் காட்டினான். அங்கே, ஒரு குழாயின் கீழ், கொதிகலன்காரனின் நீலச் சட்டை. சட்டைக்குள் இருந்ததைப் பற்றி நான் சொல்லமாட்டேன். "முதல் குண்டுலயேம்மா" என்றான் அவன்.

தோண்டியவர்களில் ஒரு சிப்பாய் கடப்பாரையைக் கீழே போட்டான். காலையில் பேருந்து நிறுத்தத்தில் தண்ணீர் கேட்டு இறந்தவன் அவனுடைய அண்ணன். அவன் துப்பாக்கியை எடுத்துப் புழுதி முகத்தின் நெற்றியில் வைத்தான். வைத்தவன் சுடவில்லை. பழகிய பழக்கம், சொல்லுக்காகத் தலையைத் திருப்பினான். பின்னால் அமைச்சர் நின்றிருந்தார்.

"ஐயா, முடிச்சிடட்டுமா?"

அமைச்சரின் தொண்டை அசைந்தது. வழக்கமான அந்தச் சத்தம் மேலேறி வருவது எல்லாருக்கும் தெரிந்தது. அவர் இரண்டு கைகளாலும் தன் வாயைப் பொத்திக்கொண்டார். பயந்துபோன கண்கள் மட்டும் வெளியே தெரிந்தன. அந்தக் கண்கள் குரலக்காவைப் பார்த்தன.

சிப்பாயும் அவளைப் பார்த்தான். "அக்கா, நீங்க சொல்லுங்க. உங்க தம்பிக்காக. வாயக்கூட தொறக்க வேணாம். சும்மா உம்னா போதும்."

கேட்டீர்களா, கண்ணுகளா? உம்னா போதும். நீலச் சட்டை ஒரு கையெட்டும் தூரத்தில் கிடந்தது. அவள் தொண்டைக்குள் ஒரு அழுகை முட்டிக்கொண்டு நின்றது. அது வெளியே வந்தால் எப்படி ஒலிக்கும்? உம் என்றுதான் ஒலிக்கும். அவளுக்கு அது தெரிந்தது. கிழிந்த உதட்டைக் கடித்தாள். ரத்தம் மோவாயில் வழிந்தது. மூச்சைக்கூட விடவில்லை. துப்பாக்கியின் விசையில் சிப்பாயின் விரல் மடங்கியிருந்தது.

பிறகு அவள் துப்பாக்கிக்குழலைக் கையால் பிடித்து மேலே திருப்பினாள். அடித்தளத்து அறையில் பேசும் அதே குரலில், ஒவ்வொரு எழுத்தும் தனியாகக் கேட்கும்படி சொன்னாள்:

"சுடாதே. இவன் கைதி. ஸ்ட்ரெச்சர் கொண்டு வா."

அதற்குப் பிறகுதான் அழுதாள். உரக்க, வாயைத் திறந்து, யாரும் வேறெதுவாகவும் எடுத்துக்கொள்ள முடியாதபடி அழுதாள். துப்பாக்கியைப் பிடித்திருந்த சிப்பாயும் அவள் பக்கத்தில் மண்டியிட்டு அழுதான். அவன் அண்ணனும் அவள் தம்பியும் அன்று ஒரே வண்டியில் போனார்கள்.

விசாரணையில் இடி ஒரே பதில்தான் சொன்னார்: "எனக்குக் கேட்டது உம்." அது பொய்யில்லை. ஆனால் நிறுத்து என்ற சொல்லும் அவருக்குக் கேட்டது. தொப்பியைக் கழற்றி வைத்துவிட்டுச் சிறைக்குப் போனார். அமைச்சர் தானாகவே பதவி விலகினார். மாடு பார்க்கத் திரும்பிப் போன அவர் அதற்குப் பிறகு உம் கொட்டி யாரும் கேட்கவில்லை. மாட்டுக்காரர்கள் பேசிப் பேசி, இவர் கேட்கிறாரா இல்லையா என்று தெரியாமல் திணறுவார்களாம்.

அமைச்சகத்தில் விதியில் ஒரு வரி சேர்த்தார்கள். ஆணை அறைத் தொலைபேசியில் உம் செல்லாது. சுடு என்றோ சுடாதே என்றோ முழுச் சொல்லாகச் சொல்ல வேண்டும். குரலக்கா அதே மேசைக்குத் திரும்பினாள். உதட்டில் தழும்பு, அதனால் சில எழுத்துகள் கொஞ்சம் சிதையும். புதிதாக வரும் அமைச்சர் யாராவது மறந்துபோய் உம் என்றால், "ஐயா, எனக்குக் கேக்கல" என்பாள். முழுச் சொல் வரும்வரை கேட்கவில்லை என்றே சொல்லிக்கொண்டிருப்பாள்.

ஆண்டுக்கு ஒருமுறை அனுமதி கேட்டு வாங்கிக்கொண்டு, காலில்லாத ஒரு கைதியைப் பார்க்கச் சிறைக்குப் போவாள். எதிரெதிரே உட்காருவார்கள். அவள் நிலாவுக்குக் கயிறு போட்ட முட்டாளின் கதையை விட்ட இடத்திலிருந்து சொல்வாள். அவன் உம் கொட்டுவான். அந்த ஒருவனிடம் மட்டும் அவள் அந்தச் சத்தத்தைப் பொறுத்துக்கொண்டாள்.

கதை அவ்வளவுதான், என் கண்ணுகளா. என்ன, ஒருவர்கூட உம் கொட்டவில்லையே! பரவாயில்லை, இன்றைக்கு வேண்டாம். போய்ப் படுங்கள். உங்கள் வீட்டிலிருந்து வெளியே போனவர்கள் எல்லாரும் போன காலோடு திரும்பி வரட்டும். உங்கள் கூரைமேல் மழையைத் தவிர வேறெதுவும் விழாதிருக்கட்டும். இருட்டில் நீங்கள் ஒரு பெயரைக் கூப்பிட்டால், அந்தப் பெயருக்கு உரியவரே உம் என்று குரல் கொடுக்கட்டும்.